கொல்ல மறந்த வைரஸ்

வட ஆற்காடு, 1995. அங்கே சில மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. இந்தியாவில் அந்த நோய் பதிவானது அதுவே கடைசி. கால்நடைகளுக்கான தடுப்பு மருந்துகளை 1932 முதல் தயாரித்துவரும் அரசு நிறுவனம் இருக்கும் ராணிப்பேட்டையும் அப்போது அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தியக் கால்நடை மருத்துவத்தின் முதல் எதிரியாக இருந்த நோய், தடுப்பூசி தயாராகும் ஊரின் வாசலருகே வந்து முடிந்தது.

இன்று நாற்பது வயதுக்கு உட்பட்ட எந்தக் கால்நடை மருத்துவரும் தமிழ்நாட்டில் வெக்கை கண்ட மாட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. ஆனால் அது எப்படிப்பட்ட நோய் என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அதை ஒழித்த மனிதரின் வேலை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

பெயரிலேயே சூடு இருக்கிறது. முதலில் மாட்டின் உடம்பு அனலாய்க் கொதிக்கும். கண்ணீர் வழிந்து முகத்து மயிரில் பிசுபிசுவென்று ஒட்டும். ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிடு தூவினாற்போலப் புண் கிளம்பும். விரலால் தேய்த்தால் தோல் உரிந்து செக்கச் செவேலென்று சதை தெரியும். அசைபோடுவது நின்றுவிடும். பிறகு கழிச்சல், சளியும் ரத்தமுமாக. பல மாடுகளுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் கதை முடிந்துவிடும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத மந்தையில் புகுந்தால் பத்தில் எட்டு ஒன்பது மாடுகள் மிஞ்சாது. ஏர் மாடு போனால் உழவு போயிற்று, உழவு போனால் அந்த ஆண்டுச் சோறு போயிற்று.

1887 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் இறங்கிய இந்த வைரஸ், பத்தே ஆண்டில் கண்டத்தின் தென்முனைவரை நடந்து போனது. மாடுகளில் பெரும்பகுதி மடிந்தது. எத்தியோப்பியாவில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சத்தில் அழிந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். மாசாய் மக்கள் அந்தக் காலத்துக்கு 'எமுத்தாய்' என்றே பெயர் வைத்தார்கள். அடியோடு துடைத்தழிப்பது என்று பொருள். ஐரோப்பாவையும் அது விட்டுவைக்கவில்லை. 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் இந்த ஒரு நோய்தான்.

மனித குலம் பூமியிலிருந்து முழுவதும் ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை, அது ஊரறிந்த சேதி. இன்னொன்று இந்த வெக்கை. அது ஒழிந்தது என்று 2011-ல் அறிவிப்பு வந்தபோது நம் செய்தித்தாள்களில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. அந்த வெற்றிக்கு அடித்தளமான தடுப்பூசியை உருவாக்கிய வால்டர் பிளௌரைட் என்ற கால்நடை விஞ்ஞானியின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதைவிடக் குறைவு.

திருடனையே காவலுக்கு வைப்பது

வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளில் பழைய வழிகள் இரண்டு உண்டு. கிருமியைக் கொன்று ஊசியில் ஏற்றுவது ஒன்று. நம் ஊர்களில் போடும் கோமாரித் தடுப்பூசி அந்த வகை. பாதுகாப்பு அதிகம், ஆனால் அதன் பலன் சில மாதங்களில் மங்கிவிடும். திரும்பத் திரும்பப் போட வேண்டும். மற்றது, கிருமியை உயிரோடு வைத்துக்கொண்டு அதன் வீரியத்தை மட்டும் குறைத்துச் செலுத்துவது. உயிர்த் தடுப்பூசி. ஒரே ஊசியில் உடம்பு நிஜமான தாக்குதலைச் சந்தித்ததுபோலப் பயிற்சி பெற்றுவிடும். ஆனால் திருடனையே காவலுக்கு வைக்கிறோம். அவன் பழைய புத்திக்குத் திரும்பினால் என்ன செய்வது? அவனோடு வேறு திருடர்களும் உள்ளே வந்துவிட்டால்?

வெக்கையின் வரலாற்றில் இந்த இரண்டு பயமும் உண்மையாகியிருக்கின்றன. 1890-களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைக்கப்பட்ட விஞ்ஞானி ராபர்ட் கோக், நோயில் சாகும் மாட்டின் பித்தநீரை எடுத்து நல்ல மாடுகளுக்கு ஊசியாகப் போட்டார். சில மாடுகள் பிழைத்தன, சில மாடுகளுக்கு ஊசியே நோயைக் கொண்டுவந்தது. பிறகு வந்த முறையில், ஒரு பக்கம் நோய் மாட்டின் ரத்தத்தையும் மறுபக்கம் நோயிலிருந்து மீண்ட மாட்டின் சீரத்தையும் ஒரே நேரத்தில் செலுத்தினார்கள். அது வேலை செய்தது. ஆனால் அந்த ரத்தத்தோடு உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளும் சேர்ந்தே போயின.

அடுத்த பெரிய அடி இமயமலை அடிவாரத்து முக்தேஸ்வரில் வைக்கப்பட்டது. 1889-ல் புனேயில் தொடங்கி, 1893-ல் முக்தேஸ்வருக்கு மாறிய இந்தியக் கால்நடை ஆய்வு நிறுவனத்தில், 1920-களில் ஜே.டி. எட்வர்ட்ஸ் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு என்று தொடர்ந்து மாற்றிக்கொண்டே போனார். ஆட்டு உடம்புக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் திறன் அதற்குக் குறைந்தது. 1954-ல் இந்தியா தொடங்கிய தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் இந்த ஆட்டுத் திசுத் தடுப்பூசியை நம்பியே களம் இறங்கியது. கோடிக்கணக்கான மாடுகளைக் காப்பாற்றிய மருந்து அது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நம் சமவெளியின் திமிலுள்ள மாடுகள் அதைத் தாங்கின. கலப்பின மாடுகளும், ஐரோப்பிய இனங்களும் தாங்கவில்லை. கடும் காய்ச்சல் வந்தது, சில செத்தும் போயின. ஊசி போட்ட பிறகு மாடு செத்தால் அந்த விவசாயியிடம் என்ன சொல்வது? அடுத்த முறை ஜீப் சத்தம் கேட்டாலே அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். ஒரு தடுப்பூசியின் ஆபத்து அந்த ஒரு மாட்டோடு நிற்பதில்லை.

கொரியாவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி நகமுரா, ஆட்டுக்குப் பதிலாக முயலில் வைரஸைப் பழக்கினார். சீனா உள்ளிட்ட நாடுகளுக்கு அது பெரிதும் உதவியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உயிருள்ள ஒரு பிராணியின் உடலில்தான் மருந்து விளைய வேண்டியிருந்தது. அந்தப் பிராணிக்கு வேறு என்ன நோய் இருந்ததோ, அதுவும் சேர்ந்து வரலாம்.

தொண்ணூறு முறை உறை ஊற்றியவர்

பிளௌரைட் 1923-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் பிறந்தவர். லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, ராணுவக் கால்நடைப் பிரிவில் சேர்ந்து கென்யாவுக்குப் போனார். ஆப்பிரிக்க மாடுகளும் அவற்றின் நோய்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1950-களின் நடுவில் நைரோபிக்கு அருகே முகுகா என்ற இடத்திலிருந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கால்நடை ஆய்வு நிலையத்துக்கு வந்து, பதினைந்து ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஜான் எண்டர்ஸ் குழு ஒரு கதவைத் திறந்திருந்தது. வைரஸை வளர்க்க முழுப் பிராணி தேவையில்லை, கண்ணாடிக் குழாயில் செல்களை வளர்த்து அதில் வைரஸைப் பெருக்கலாம் என்று போலியோவில் காட்டி, 1954-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். அதே குழு தட்டம்மை வைரஸையும் அப்படி வளர்த்தது. வெக்கை வைரஸ் தட்டம்மை வைரஸுக்குப் பங்காளி, ஒரே குடும்பம். பிளௌரைட் அந்த வழியை மாட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவரும் அவரோடு பணியாற்றிய ஃபெரிஸும் எடுத்துக்கொண்டது சாதுவான வைரஸ் அல்ல. கென்யாவின் கபெட்டேயில் ஒரு மாட்டிலிருந்து பிரித்தெடுத்த, கொடும் வீரியமுள்ள ரகம். கன்றின் சிறுநீரகச் செல்களைக் குடுவையில் ஒரு படலமாக வளர்த்து, அதில் வைரஸை விட்டார்கள். அது பெருகியதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவைக்கு. அங்கே பெருகியதும் இன்னொன்றுக்கு. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிற அதே காரியம்தான். வீட்டில் நெடுநாள் உறை மாற்றாமல் போனால் தயிரின் குணம் மெல்ல மாறும் அல்லவா? குடுவையில் வைரஸுக்கும் அது நடந்தது. எதிர்க்க உடம்பு இல்லை, ஓடிப்போய்ப் பிடிக்க அடுத்த மாடு இல்லை. அந்தச் சொகுசான வாழ்க்கைக்குத் தேவையில்லாத குணங்களை வைரஸ் ஒவ்வொன்றாக இழந்தது. சுமார் தொண்ணூறு கைமாற்றங்களுக்குப் பிறகு அது மாட்டின் உடம்புக்குள் போய்ப் பெருகும். ஆனால் மாட்டை நோயில் தள்ளாது. கொல்லும் வித்தை அதற்கு மறந்துபோயிருந்தது.

இங்கேதான் விஞ்ஞானியின் கை தெரிகிறது. குறைவாகப் பழக்கினால் நோய் தரும். அளவுக்கு மீறிப் பழக்கினால் உடம்பு அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, எதிர்ப்புச் சக்தியும் வராது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதைதான் உண்டு. கிடைத்ததை உடனே எடுத்துக்கொண்டு கொண்டாடாமல், அதைத் துருவித் துருவிச் சோதித்தார்கள். இளம் கன்றுக்குப் போட்டால்? சினை மாட்டுக்கு? உள்ளூர் இனத்துக்கு, ஐரோப்பிய இனத்துக்கு? ஊசி போட்ட மாட்டோடு ஊசி போடாத மாட்டைக் கட்டிவைத்தால் தொற்றுகிறதா? மாட்டிலிருந்து மாட்டுக்குப் போனால் பழைய வீரியம் திரும்புகிறதா? எல்லாவற்றிலும் இந்த வைரஸ் தேறியது. குடுவையில் விளைந்ததால் மற்றப் பிராணிகளின் நோய்களைச் சுமந்து வரும் பயமும் வெகுவாகக் குறைந்தது. ஒரு டோஸுக்கு ஆன செலவு சில சென்ட்டுகள். 1962-ல் முடிவுகள் வெளியாயின.

அதோடு அவர் நிறுத்தவில்லை. ஊசி போட்ட மாடுகளை நோய் எட்டாத இடத்தில் ஆறு முதல் பதினொரு ஆண்டுகள்வரை வைத்திருந்து, பிறகு வீரியமுள்ள வைரஸைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 1984-ல் வெளிவந்தது. நோய் தலைகாட்டவில்லை. ஒரு மாட்டின் ஆயுளுக்கே ஓர் ஊசி போதும். தன் தடுப்பூசி உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதும், அதைத் தானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொறுமைக்குத்தான் முதல் மரியாதை செய்ய வேண்டும். 1999-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. மாட்டு வைத்தியருக்கு எதற்கு உணவுப் பரிசு என்று ஏர் மாட்டை இழந்த எந்த விவசாயியும் கேட்டிருக்க மாட்டார்.

வெயில் என்னும் எதிரி

நல்ல தடுப்பூசி கையில் இருந்தது. ஆப்பிரிக்காவில் 1962 முதல் 1976 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பெரும் இயக்கம் நடத்தின. நோய் கிட்டத்தட்ட மறைந்தது. போதும் என்று கையைத் தளர்த்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது மறுபடியும் எழுந்து, நைஜீரியாவில் மட்டும் லட்சக்கணக்கான மாடுகளைத் தின்றது.

தடுப்பூசியில் ஒரு குறை இருந்தது. உயிருள்ள வைரஸ் வெயில் தாங்காது. உறைய வைத்து உலர்த்திய மருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியின் அடியில் வெண்ணிறப் பொருக்குபோல ஒட்டியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து மாட்டின் கழுத்துவரை அதைக் குளிரிலேயே கொண்டுபோக வேண்டும். உப்புநீரில் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் ஐஸ் கரைந்துபோனால் குப்பிக்குள் இருப்பது செத்த வைரஸ். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாட்டுக்குக் குத்தும் வலி உண்டு, காப்பு இல்லை. மாட்டுக்காரர் மட்டும் நிம்மதியாக வீடு திரும்புவார். பாதுகாப்பான தடுப்பூசி என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கவிளைவு இல்லாதது மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மரைனர் இந்த முடிச்சை அவிழ்த்தார். பிளௌரைட்டின் அதே வைரஸ்தான். வேறொரு செல்லில் வளர்த்து, உலர்த்தும் முறையை மாற்றி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மாதம் தாங்கும்படி செய்தார். 1990-களில் எத்தியோப்பியாவின் அஃபார் பாலைப் பகுதிக்கும் உகாண்டாவின் கரமோஜாவுக்கும் தெற்கு சூடானுக்கும் அது போனது. ஐஸ் பெட்டி இல்லை, ஜீப் போகும் சாலையும் இல்லை. மேய்ப்பர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஊசி போடப் பழக்கினார்கள். எந்த மந்தை எங்கே மேய்கிறது, எந்த மாட்டுக்கு வாயில் புண் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். மேய்ப்பர் தோளில் தொங்கிய பையில் நடந்தே போய்ச் சேர்ந்தது அந்தத் தடுப்பூசி.

இந்தியாவில் கடைசிக் கட்டம் வேறு மாதிரி இருந்தது. இங்கே ஊசி போடுவதை நிறுத்தத் துணிய வேண்டியிருந்தது. பிளௌரைட் தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்திலும், நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் தெரியும் ஆன்டிபாடிகள் ஒரே மாதிரிதான். சோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், எங்கேயாவது நோய் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்பதே தெரியாமல் போகும். எனவே ஊசியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். வட ஆற்காட்டுக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. 2006-ல் இந்தியா வெக்கைத் தொற்று அறவே இல்லாத நாடாக அங்கீகாரம் பெற்றது. உலகில் கடைசியாக அது காணப்பட்டது 2001-ல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடம். பிளௌரைட் 2010 பிப்ரவரியில் காலமானார். உலகமே விடுபட்டது என்ற அறிவிப்பு வந்தது அடுத்த ஆண்டு.

அண்ணன் போனான், தம்பி இருக்கிறான்

விழுப்புரம் வட்டாரத்திலுள்ள அரசூரில் 1987-ல் ஆடுகள் காய்ச்சலும் கழிச்சலுமாகச் செத்தன. ஆட்டுக்கு வரும் வெக்கை என்று நினைக்கத் தோன்றும் அறிகுறிகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டுக் கால்நடை விஞ்ஞானிகளும் ஆராய்ந்து, இது வேறு வைரஸ் என்று 1989-ல் உறுதிசெய்தார்கள். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான். வெக்கைக்குத் தம்பி முறை.

அதுவரை ஆட்டுக்கும் பிளௌரைட் தடுப்பூசியைத்தான் பல நாடுகளில் போட்டுவந்தார்கள். பங்காளி வைரஸ் என்பதால் ஓரளவு காப்பாற்றியது. வெக்கையைத் தேடும் பணிக்கு அது குழப்பம் தரும் என்றானதும், ஆட்டுக்கொல்லிக்கென்றே தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. இமாசலத்தின் சுங்ரியில் கிடைத்த வைரஸை முக்தேஸ்வர் விஞ்ஞானிகள் பழக்கினார்கள். அரசூர் வைரஸைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பழக்கினார்கள். இரண்டிலும் முகுகாவின் வழிதான், குடுவையிலிருந்து குடுவைக்கு. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகள் தாங்கும். 2030-க்குள் இந்த நோயையும் உலகிலிருந்து ஒழிப்பது இலக்கு. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் வெள்ளாடுகள் மட்டும் சுமார் 14.9 கோடி. மாடு போல அல்லாமல் ஆடு விரைவாகக் குட்டிபோடும், விரைவாக விலைபோகும். ஊசி போட்ட மந்தை இரண்டே ஆண்டில் ஊசி போடாத மந்தையாகிவிடுகிறது. இதில் பிளௌரைட் காலத்தைவிட வேலை கடினம்.

பழைய வழியின் பலனுக்குப் புதிய சாட்சி வேண்டுமானால் தோல் கழலை நோயைப் பார்க்கலாம். 2019-ல் ஒடிசாவில் நுழைந்து, 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் சாலையோரமெல்லாம் மாடுகளைச் சாய்த்த அந்த நோய்க்கு, ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்தியக் கால்நடை ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து உயிர்த் தடுப்பூசி உருவாக்கியது. ராஞ்சியில் எடுத்த வைரஸை ஐம்பது முறை செல்களில் கைமாற்றிப் பழக்கினார்கள்.

பழைய பயத்துக்கும் அதே நோயில் சாட்சி கிடைத்திருக்கிறது. மத்திய ஆசியாவில் பயன்படுத்தப்பட்ட ஒரு தடுப்பூசியைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஒரே ஒரு வைரஸ் இருக்க வேண்டிய குப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட தோல் கழலை வைரஸ்களும் ஆட்டம்மை வைரஸும் கலந்திருந்தன. அவை தமக்குள் மரபுப் பொருளைப் பரிமாறிக்கொண்டு புதுக் கலப்பு வைரஸ்களாயின. 2017-ல் ரஷ்யாவில் தெரிந்த அந்த வகை, பிறகு சீனா, வியட்நாம், தாய்லாந்து என்று பரவியது. பழக்கிய வைரஸ் தானாகப் பழைய குணத்துக்குத் திரும்பவில்லை. குப்பியில் ஒன்றுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய கைகள் பார்க்கவில்லை. பிளௌரைட்டின் சோதனைகளை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது விஞ்ஞானிகளின் கையில் நுண்ணிய கத்தரிக்கோல் இருக்கிறது. எந்த மரபணு வைரஸுக்குக் கொல்லும் பலத்தைத் தருகிறதோ, அதை மட்டும் கத்தரித்துவிடலாம். தொண்ணூறு முறை உறை ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். ஒரு மரபணுவையே எடுத்துவிட்டால் வைரஸ் அதைத் திரும்பப் பெறுவது கடினம். வெட்டிய இடத்தை அடையாளமாகக் கொண்டு, ஊசி போட்ட பிராணியையும் நோய் வந்த பிராணியையும் பிரித்தறியும் வழியையும் தேடலாம். பன்றிகளைக் கூட்டம் கூட்டமாக அழிக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலுக்கு இப்படித்தான் தடுப்பூசி செய்திருக்கிறார்கள். 1960-களில் போர்ச்சுகலும் ஸ்பெயினும் பழைய முறையில் இதற்கு உயிர்த் தடுப்பூசி போட்டுப் பார்த்து, ஏராளமான பன்றிகள் நாள்பட்ட நோயில் விழுந்த அனுபவம் உண்டு. மரபணு நீக்கிய வைரஸுக்கு வியட்நாம் 2022-ல் அனுமதி தந்தது. சில வாரங்களிலேயே பன்றிகள் இறந்த செய்தி வர, நிறுத்திவைத்து விசாரித்து, 2023-ல் மீண்டும் வழிவிட்டது. இந்த நோயின் வைரஸ் காட்டுப் பன்றிகளின் வளைகளில் வாழும் உண்ணிகளுக்குள் ஒளிந்திருப்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1969-ல் காட்டியவர்களில் ஒருவரும் பிளௌரைட்தான்.

2019 ஜூன் 14. இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனம் தன்னிடமிருந்த வெக்கை வைரஸ் குப்பிகளை அழித்தது. மூவாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு ரகத்தின் மரபணு வரிசையையும் படித்துக் கணினியில் எழுதிக்கொண்ட பிறகே அது நடந்தது. உலகின் மற்ற ஆய்வகங்களில் மிஞ்சியிருப்பதையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். ஆனால் முகுகாவில் தொண்ணூறு குடுவைகள் தாண்டிய அந்த வைரஸ் இன்னும் இருக்கிறது. எத்தியோப்பியாவின் டெப்ரே சைத் நகரிலுள்ள ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தடுப்பூசி மையத்தில், வெக்கை என்றாவது எங்காவது தலைதூக்கினால் எடுத்துக் கொடுப்பதற்காக, அந்தத் தடுப்பூசியைக் குளிரில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.